ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிறந்த ஊரிலே, தாய்மொழியிலே வழக்குரைக்கும் ஏழைக்கே இந்நிலை எனின், உயிருக்கு அஞ்சி அயல்நாடு புகுந்தவர் அந்நாட்டு மொழியும் அறியாமல், சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமும் இல்லாமல், நீதிபதியின் முன் தனித்து நிற்கும் நிலை எத்தகையது? ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவு நீதிமன்றங்களிலே இக்காட்சி நாள்தோறும் நிகழ்கின்றது. அவ்வாறு நிற்பவருக்குச் சட்டம் தருவது யாது, தர மறுப்பது யாது என்பதை நோக்குவோம்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர், வீடும் நாடும் இழந்து அலைந்தோரைக் கருதி 1951இல் ஜெனீவாவிலே அகதிகள் பற்றிய சமவாயம் உருவாயிற்று. 1951ஆம் ஆண்டுக்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானோரையே அது கருத்திற் கொண்டது. 1967இல் எழுந்த உடன்படிக்கை அவ்வெல்லையை நீக்கியது. ஐக்கிய அமெரிக்கா 1968இல் அவ்வுடன்படிக்கையை ஏற்று, 1980இல் தன் அகதிச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி புகலிடம் வேண்டுபவர், தமக்குத் துன்பம் நேரும் என்னும் அச்சம் ஆதாரமுள்ளது எனக் காட்டுதல் வேண்டும். அத்துன்பம் இனம், மதம், தேசியம், குறித்த ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாக நேர்வது எனவும் காட்டுதல் வேண்டும். வறுமையோ, பஞ்சமோ, கள்வர் பயமோ தனித்து நின்று போதா.

அச்சம் எவ்வளவு உறுதியாயிருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு 1987இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் விடை கூறியது. துன்பம் நேருவது பெரும்பாலும் நிச்சயம் என நிறுவ வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பினும் அச்சம் நியாயமானதாகலாம் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. சட்டத்தின் ஏட்டிலே, ஆகவே, கதவு அத்துணை ஒடுங்கியதன்று. ஆயின், அக்கதவைத் தட்டும் முறையை ஏழைக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்?

குற்ற வழக்குகளில் இவ்வினாவுக்கு அமெரிக்கா விடை கண்டுவிட்டது. புளோரிடா மாநிலத்திலே திருட்டுக் குற்றஞ் சாட்டப்பட்ட கிடியன் என்னும் ஏழை, தமக்கு ஒரு சட்டத்தரணியை நியமிக்குமாறு வேண்டினார். நீதிபதி மறுத்தார். சிறை சென்ற கிடியன், பென்சிலால் தம் கைப்பட எழுதிய மனுவை அதியுயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பாரதூரமான குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே சட்டத்தரணியை அளித்தல் வேண்டும் என 1963இல் தீர்ப்பாயிற்று. மறு விசாரணையிலே, சட்டத்தரணி ஒருவர் வாதாட, கிடியன் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார். வழக்கு அதுவே, ஆளும் அவரே, முன்பு இல்லாதிருந்தது அருகே நின்று வாதாடும் ஒருவரே.

புகலிடம் வேண்டுபவருக்கோ இத்தீர்ப்பின் பயன் கிட்டுவதில்லை. நாடு கடத்தல் என்பது குற்றத்துக்கான தண்டனையன்று என 1893இலேயே அதியுயர் நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டத்தரணியை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அது அரசாங்கத்துக்குச் செலவில்லாமல் நடைபெறல் வேண்டும் என்பதே குடிவரவுச் சட்டத்தின் ஏற்பாடு. எதிர்ப்பக்கத்திலோ அரசாங்கத்தின் சட்டத்தரணி நிற்பார். 2007 முதல் 2012 வரையிலான பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நாடு கடத்தல் வழக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, சட்டத்தரணியின் துணை பெற்றோர் நூற்றுக்கு 37 பேரே எனக் கண்டது. தடுப்புக் காவலில் இருந்தோருள் அத்தொகை நூற்றுக்கு 14 மட்டுமே.

துணையற்றவர் பெரும்பாலும் இடறுவது பொய் சொல்வதால் அன்று; சட்டம் எதனைக் கேட்கின்றது என அறியாமையினாலேயே. முதலாவது இடறல் காலம். 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நாட்டினுட் புகுந்த ஓராண்டுக்குள் விண்ணப்பம் சமர்ப்பித்தல் வேண்டும். சில விதிவிலக்குகள் உளவேனும், "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் விலக்காகாது. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலேயே நிரப்புதல் வேண்டும். பிறமொழிப் பத்திரங்களுக்கு உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பும் வேண்டும். நெடுங்காலம் கட்டணமின்றி இருந்த இவ்விண்ணப்பத்துக்கு, 2025ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 100 டொலர் கட்டணம் விதித்தது. வறுமையைக் காட்டி அதனின்று விலக்குப் பெறவும் இயலாது.

இரண்டாவது இடறல், "ஏன்" என்னும் ஒரு சொல். 2017இல் மெக்சிக்கோ எல்லையைத் தாண்டிக் கலிபோர்ணியாவினுட் சென்ற இலங்கைத் தமிழர் ஒருவர், எல்லைக்கு மிக அண்மையிலேயே பிடிபட்டார். சிலர் தம்மைக் கடத்திச் சென்று கடுமையாக அடித்ததாக அவர் முதல் விசாரணையிலே கூறினார். அதிகாரி அதனை நம்பினார். ஆனால், அடித்தவர் யார், ஏன் அடித்தனர் என வினவியபோது, தெரியாது என்பதே விடையாயிற்று. முற்கூறிய ஐந்து காரணங்களுள் ஒன்றும் அவர் வாயினின்று வராமையால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பின்னர்ச் சட்டத்தரணிகளின் துணையோடு, தம் தமிழினமும் அரசியற் கருத்துமே தாக்குதலுக்குக் காரணம் என அவர் நீதிமன்றத்திலே முறையிட்டார். காலம் கடந்துவிட்டது. எல்லையிலே நிகழும் அவ்விரைவு விசாரணையின் முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமை அவருக்கில்லை என 2020 ஜூன் மாதம் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசருள் எழுவர் அம்முடிவுக்கு உடன்பட்டனர், இருவர் மறுத்தனர்.

மூன்றாவது இடறல் முரண்பாடு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோரிக்கையின் அடிப்படையைத் தொடாத சிறு முரண்பாட்டையுங்கூட நீதிபதி நம்பகமின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாம். அஞ்சி ஓடியவர் மாதத்தையும் தேதியையும் மாற்றிச் சொல்லுதல் இயல்பு. ஆகையால், நிச்சயமறியாத தேதியை ஊகித்துச் சொல்வதினும், "சரியாக நினைவில்லை" என்பதே நன்று. நான்காவது, விசாரணைத் தினத்திலே சமுகமளிக்கத் தவறுதல். வாராதவர் மீது, அவர் இல்லாமலே நாடு கடத்தும் கட்டளை பிறக்கும். விலாசம் மாறின் ஐந்து நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

பணமில்லாதவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. இலவசமாக உதவும் சட்ட நிறுவனங்களின் பட்டியலைக் குடிவரவு நீதிமன்றத்திற் பெறலாம். பல்கலைக்கழகச் சட்ட பீடங்கள் சிலவற்றில், பேராசிரியரின் மேற்பார்வையிலே மாணவர் வழக்குகளை ஏற்று நடத்துகின்றனர். சட்டத்தரணியல்லாதாரும், நீதித் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்றிருப்பின், தொண்டு நிறுவனங்களின் சார்பிலே வாதாடலாம். துணை தேடுதற்குத் தவணை வேண்டும் என நீதிபதியைக் கேட்கலாம். நீதிமன்றத்திலே மொழிபெயர்ப்பாளரை அரசே அமர்த்தும்.

எனினும், உதவி என்ற பெயரிலே வரும் கேட்டையும் அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டில் நொத்தாரிசு என்பவர் உறுதி முடிக்கும் சட்டம் அறிந்தவர். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அப்பெயருடையோர் சட்ட வல்லுநரே. ஐக்கிய அமெரிக்காவிலோ அப்பெயர் கையொப்பத்துக்குச் சாட்சி கூறுபவரையே குறிக்கும். இப்பெயர் மயக்கத்தைப் பயன்படுத்திப் பணம் பறித்து, பொய்க் கதை எழுதிக் கொடுத்து, வழக்கையே கெடுத்துவிடுவோர் உளர். அறிந்தே பொய் விண்ணப்பம் செய்தவர் எனத் தீர்ப்பாயின், பிற்காலத்திற் குடிவரவுச் சலுகை எதனையும் பெறும் வழி பெரும்பாலும் அடைபடும். விதிகளும் அடிக்கடி மாறுவன. 2025 ஜனவரியிலே தென்னெல்லையிற் புகலிடம் கோருதலைத் தடுக்கும் ஜனாதிபதிப் பிரகடனம் வெளியாயிற்று. அதுவும் நீதிமன்றங்களிலே வழக்காயிற்று. முன்னே சென்ற உறவினர் சொன்ன வழி, பின்னே செல்பவருக்குப் பொருந்தாமற் போகலாம்.

புகலிட வழக்கிலே தோற்றவர் இழப்பது காணியன்று, பொருளன்று. அவர் எவ்விடத்திலிருந்து ஓடிவந்தாரோ அவ்விடத்துக்கே அனுப்பப்படுகின்றார். அதனாலேயே, என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, செய்தவர் யார், ஏன் செய்தனர் என்னும் நான்கையும், நினைவு மங்குமுன், தாய்மொழியிலேயே ஒரு தாளில் எழுதி வைத்தல் ஏழை தன்னந்தனியே செய்துகொள்ளக்கூடிய முதற் காவலாகும். அதற்கு ஒரு சதமும் வேண்டுவதில்லை. பின்னர் வந்து உதவுபவர் எவராயினும், அவர் முதலிற் கேட்பதும் அத்தாளையே.