சவேரியார் கண்ட ஜப்பான்



நம் பங்குகளில் இன்று பல குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே தொலைபேசியில் தீர்ப்பும் வந்துவிடுகிறது: "இங்குள்ளவர்கள் தங்கமான மனிதர்கள்" அல்லது "இங்கே மனிதனை மனிதன் மதிப்பதில்லை." அந்நிய மண்ணில் முதலில் கண்ணில் படுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்? நமக்கு நன்கு அறிமுகமான புனிதர் ஒருவரின் அனுபவம் இதற்கு விளக்கம் தருகிறது.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் தென்பகுதியிலுள்ள ககோஷிமாவில் கரையிறங்கினார். அவ்வூரைச் சேர்ந்தவரும், மலாக்காவில் அவரைச் சந்தித்துப் பின் கோவாவில் திருமுழுக்குப் பெற்றவருமான அஞ்சிரோ உடன் வந்திருந்தார்.

மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், நவம்பர் 5-ஆம் நாள், கோவாவிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு நீண்ட மடல் எழுதினார். தாம் இதுவரை கண்ட பிற சமய மக்களில் இவர்களே சிறந்தவர்கள் என்கிறார். செல்வத்தைவிட மானத்தைப் பெரிதாக எண்ணுகிறார்கள், வறுமையை இழிவாகக் கருதுவதில்லை, பலருக்கு எழுதப் படிக்கத் தெரியும், அளவோடு உண்கிறார்கள். மொழி தெரியாத தாங்களோ அவர்கள் நடுவே சிலைகளைப்போல் நிற்பதாகவும், குழந்தைகளைப்போல் பேசக் கற்பதாகவும் எழுதுகிறார்.

இவற்றில் பெரும்பகுதி உண்மையே. ஆனால் உண்மையும் முழுமையாகப் புரிய நாளாகிறது. ஏழையான உயர்குலத்தவருக்கு அங்கே மதிப்பு இருந்தது. எளிய உடையில் வந்த அந்நியப் போதகருக்கோ யமாகுச்சி நகரில் ஏளனமே கிடைத்தது. 1551 தொடக்கத்தில் தலைநகர் மியாக்கோவுக்கு, அதாவது இன்றைய கியோட்டோவுக்குச் சென்றார். நகரம் போரால் சிதைந்து கிடந்தது; பேரரசரைச் சந்திக்கவே முடியவில்லை.

சவேரியார் தம் வழியை மாற்றினார். யமாகுச்சிக்குத் திரும்பி, நல்ல உடையணிந்து, கடிகாரம் முதலிய பரிசுகளோடு ஆட்சியாளர் ஓஉச்சி யோஷிதகாவைச் சந்தித்தார். போதிக்க அனுமதியும், தங்குவதற்கு ஆளில்லாத பௌத்த மடம் ஒன்றும் கிடைத்தன.

சொல்லிலும் இதே பாடம். அஞ்சிரோ சொன்னபடி, இறைவனைக் குறிக்கத் 'தைனிச்சி' என்ற சொல்லையே முதலில் பயன்படுத்தினார். அது ஷிங்கோன் பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர். அதனால் அப்பிரிவுத் துறவிகள் இவரைத் தம்மவராகவே எண்ணி வரவேற்றனர். சவேரியார் அவர்களிடமே கேள்விகள் கேட்டபோதுதான் வேறுபாடு விளங்கியது. உடனே அச்சொல்லைக் கைவிட்டு, 'தேயுஸ்' என்ற இலத்தீன் சொல்லை ஏற்றார்.

முதல் பார்வை தவறல்ல. அதையே முடிவாக்கிக்கொள்வதுதான் தவறு. தீர்ப்பு முந்திக்கொண்டால், பிறகு கண் எதையும் புதிதாகக் காண்பதில்லை. சவேரியாரோ பாராட்ட வேண்டியதைத் தாராளமாகப் பாராட்டினார். மாற்ற வேண்டியதைத் தயங்காமல் மாற்றினார். இரண்டுக்கும் வேண்டியது தாழ்ச்சியே.

எனவே பெற்றோரே, அடுத்த முறை பிள்ளைகள் அழைக்கும்போது, "ஊர் எப்படி?" என்பதோடு நிறுத்தாமல், "அங்கே யாரிடம் பேசினாய்? அவர்கள் மொழியில் என்ன கற்றாய்?" என்றும் கேளுங்கள்.

புனித சவேரியார் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பாராக!