ஐஸ் ஹாக்கி: நட்சத்திர வீரரைக் கைமாற்ற மேலாளருக்கு அனுபவம் அவசியமா?

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் ஓர் அணி தனது நட்சத்திர வீரரை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டால், ரசிகர்களின் கோபம் முதலில் பாய்வது அந்த அணியின் பொது மேலாளர் மீதுதான். அவர் பதவிக்குப் புதியவராக இருந்துவிட்டால், அனுபவமில்லாதவரிடம் பொறுப்பை ஒப்படைத்ததால் வந்த வினை என்ற விமர்சனமும் சேர்ந்துகொள்ளும். கடந்த 40 ஆண்டுகளில் நடந்த பெரிய பரிமாற்றங்களைப் பார்த்தால், இந்த விமர்சனத்தில் பாதி மட்டுமே உண்மை என்று தெரிகிறது.

வீரர் பரிமாற்றம் இந்திய ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத் டைட்டன்ஸ் அணியிலிருந்து மும்பை இந்தியன்ஸுக்குச் சென்றது இந்த முறையில்தான். ஆனால் என்ஹெச்எல்லில் இது ஆண்டின் பெரும்பகுதியில் நடந்துகொண்டே இருக்கும் வேலை. ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு ஏதும் இல்லையென்றால் வீரரின் சம்மதம்கூடத் தேவையில்லை. பதிலுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் பணம் அல்ல. வேறு வீரர்கள், இன்னும் முதிராத இளைஞர்கள், வருங்கால ‘டிராஃப்ட்’ தேர்வில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவையே விலையாகின்றன. 18 வயது இளைஞர் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எப்படி ஆடுவார் என்று கணிப்பதே மேலாளரின் தொழில் என்றும் சொல்லலாம்.

நான்கு நாள்களில் முடிந்த பேரம்

அனுபவம் வேண்டும் என்று வாதிடுவோர் தவறாமல் காட்டும் உதாரணம் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி. 1995 அக்டோபரில் அந்த அணியின் தலைவர் ரொனால்ட் கோரி, பொது மேலாளர் செர்ஜ் சவார்டைப் பதவியிலிருந்து நீக்கினார். 1983 முதல் அப்பொறுப்பில் இருந்த சவார்ட், 1986, 1993 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றுதந்தவர். அவரது இடத்துக்கு வந்தவர் ரேஜான் ஊல். அணியின் முன்னாள் வீரரான ஊல், ஓய்வுக்குப் பின் மோல்சன் மதுபான நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பணியில் இருந்தார். ஓர் அணியை நிர்வகித்த அனுபவம் அவருக்கு இல்லை.

ஆறே வாரங்களில் சோதனை வந்தது. டிசம்பர் 2 அன்று சொந்த அரங்கில் டெட்ராய்ட் அணியிடம் மாண்ட்ரியல் 1–11 என்ற கணக்கில் தோற்றது. நட்சத்திர கோல்கீப்பர் பேட்ரிக் ராய் 9 கோல்கள் வாங்கும் வரை பயிற்சியாளர் மரியோ ட்ரெம்ப்ளே அவரை வெளியே அழைக்கவில்லை. அவமானத்துடன் வெளியேறிய ராய், வீரர்கள் அமரும் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோரியிடம் நேராகச் சென்று, மாண்ட்ரியலுக்காகத் தான் ஆடும் கடைசி ஆட்டம் இதுதான் என்று கூறினார். டிசம்பர் 6 அன்று ராயும் அணித்தலைவர் மைக் கீனும் கொலராடோ அவலாஞ்ச் அணிக்கு அனுப்பப்பட்டனர். பதிலுக்கு கோல்கீப்பர் ஜோஸலின் திபோ, மார்ட்டின் ருசின்ஸ்கி, ஆந்த்ரே கோவலென்கோ ஆகியோர் வந்தனர்.

அதே பருவத்திலேயே கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2001இல் மீண்டும் வென்றது. மாண்ட்ரியலோ 1993க்குப் பிறகு 2025 வரை ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடவில்லை.

இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. பேரத்தின் மறுபக்கத்தில் இருந்த கொலராடோ மேலாளர் பியர் லாக்ருவாவும் பழுத்த நிர்வாகி அல்லர். 1994இல்தான் அவர் அப்பதவிக்கு வந்தார். அதற்கு முன் பல ஆண்டுகள் வீரர்களின் முகவராக இருந்தவர். ராயின் முகவரும் அவரே. நிர்வாக அனுபவத்தை மட்டும் எடைபோட்டால் இருவருக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. ஆனால் பேரம் பேசுவதையே தொழிலாகச் செய்தவர் லாக்ருவா. மேலும், வாங்குபவருக்கு அவசரம் இல்லை, விற்பவருக்கு இருந்தது. ராய் இனி ஆடமாட்டார் என்பது ஊருக்கே தெரிந்தபின், ஊலிடம் மிச்சமிருந்த பேர வலிமை மிகக் குறைவு.

காத்திருந்த புதியவர்

இதற்கு நேர்மாறான கதையும் அதே கொலராடோவில்தான் நடந்தது. 1996 கோப்பையை வென்ற அணியின் தலைவர் ஜோ சாகிக், 2013இல் அணி நிர்வாகத்தின் முக்கியப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு பொது மேலாளரானார். 2016–17 பருவத்தில் கொலராடோ வெறும் 48 புள்ளிகளுடன் லீக்கின் கடைசி இடத்துக்குச் சரிந்தது. முன்னணி வீரர் மேட் டுஷேனை விற்கும் பேச்சு மாதக்கணக்கில் நீண்டது. சாகிக் அதிக விலை கேட்கிறார், பேரம் பேசத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டுகள் குவிந்தன.

அவர் விலையைக் குறைக்கவில்லை. 2017 நவம்பரில் ஒட்டாவா, நாஷ்வில் அணிகளையும் உள்ளடக்கிய மும்முனைப் பரிமாற்றம் முடிந்தது. நியூயார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டுஷேன் களத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டார். கொலராடோவுக்குக் கிடைத்தவர்களில் தடுப்பாட்டக்காரர் சாமுவேல் ஜிரார்ட் ஒருவர். ஒட்டாவாவிடம் பெற்ற டிராஃப்ட் உரிமை, 2019 தேர்வில் 4ஆவது இடமாக அமைந்து, போவன் பைரம் என்ற வீரரைக் கொண்டுவந்தது. 2022இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் இருவரும் இடம்பெற்றிருந்தனர். ஊலைப் போலவே சாகிக்கும் முன்னாள் வீரர்தான், நிர்வாகத்துக்குப் புதியவர்தான். அணியே கவிழ்ந்துகிடந்த நேரத்திலும் அவருக்குக் காத்திருக்க அவகாசம் கிடைத்தது.

கோப்பை வென்றவரும் சறுக்கினார்

அனுபவம் காப்பாற்றிவிடும் என்றால் பீட்டர் சியாரெலி தவறியிருக்கக் கூடாது. 2006 முதல் பாஸ்டன் அணியை நிர்வகித்து, 2011இல் கோப்பையும் வென்றவர் அவர். 2013இல் அவர் டல்லஸ் அணிக்குக் கொடுத்த டைலர் செகின், அங்கே முன்னணி கோல் அடிப்பவராக உயர்ந்தார். எட்மண்டன் அணிக்கு மாறிய பின், 2016இல் டெய்லர் ஹாலைக் கொடுத்து, பதிலுக்கு ஆடம் லார்சன் என்ற தடுப்பாட்டக்காரர் ஒருவரை மட்டும் பெற்றார். லார்சன் திறமையற்றவர் அல்லர். எட்மண்டனுக்குத் தடுப்பாட்டக்காரர் தேவைப்பட்டதும் உண்மை. ஆயினும் 2018இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை வென்றவர் ஹால். ஒரு குறையை உடனே நிரப்பியாக வேண்டும் என்ற அவசரம், ஒரு தசாப்த அனுபவத்தையும் மீறிவிட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

பாஸ்டனிலேயே 2005 நவம்பரில் மைக் ஓ’கானல், ஜோ தார்ன்டனை சான் ஹோசே அணிக்கு அனுப்பினார். 2000 முதல் மேலாளராக இருந்தவர்தான் அவரும். அதே பருவத்தில் தார்ன்டன் ஹார்ட் விருது பெற்றார். பருவம் முடியும் முன்பே ஓ’கானல் பதவியிழந்தார்.

விற்பது யார்?

மேலாளரின் அனுபவத்துக்கு வேலையே இல்லாத பரிமாற்றங்களும் உண்டு. 1988 ஆகஸ்ட் 9 அன்று வெய்ன் கிரெட்ஸ்கி எட்மண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்குச் சென்றபோது, எட்மண்டன் மேலாளர் கிளென் சேதர் நான்கு கோப்பைகளை வென்றிருந்தார். அவர் இந்த விற்பனையை விரும்பவில்லை. முடிவெடுத்தவர் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன். 1.5 கோடி அமெரிக்க டாலர், ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா, மூன்று முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் ஆகியவை விலையாக வந்தன. கனடாவே அதிர்ந்துபோன இந்தப் பேரத்தில் சேதரின் அனுபவம் எதையும் தடுக்கவில்லை.

அந்த அனுபவம் பயன்பட்டது அடுத்த ஆண்டில்தான். கார்சனுக்கு எட்மண்டனில் தொடர விருப்பமில்லை என்று தெரிந்ததும், 1989 நவம்பரில் சேதர் அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து பீட்டர் கிளிமா, ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ் ஆகியோரைப் பெற்றார். 1990 இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்த இழுபறியை முடித்துவைத்த கோல் கிளிமாவுடையது. கிரேவ்ஸ், மர்ஃபி, ஜெலினா மூவரும் ஒரே வரிசையில் ஆடினர். கிரெட்ஸ்கி இல்லாத எட்மண்டன் அந்த ஆண்டு பாஸ்டனை வீழ்த்தி ஐந்தாவது முறையாக ஸ்டான்லி கோப்பையை வென்றது.