வாக்கும் கணக்கும்

நகரத்தில் வாழ்வார் ஒருவர் வைகறையில் துயிலுணர்ந்தது முதல் இரவில் துயில்கொள்ளுமளவும் அரசாங்கத்தோடு கொள்ளும் தொடர்பிற் பெரும்பகுதி நகராட்சியோடு கொள்ளும் தொடர்பே யாகும். குழாயில் வரும் நீரும், நடக்கும் தெருவும், அத்தெருவின் விளக்கும், கழிநீர் ஓடும் வாய்க்காலும், காய்கறி வாங்கும் சந்தையும் அதன் பொறுப்பிலுள்ளன. பிறந்தாரைப் பதிவு செய்வதும், இறந்தார்க்கு இடுகாடும் சுடுகாடும் அமைத்துத் தருவதும் அதன் வேலைகளே. இவ்வாறிருந்தும், கற்றார் பலர் டில்லி அரசியலைக் குறித்து நாழிகைக் கணக்கிற் பேசுவர். 'நும் வட்டத்தின் நகர்மன்ற உறுப்பினர் யார்?' என வினவின் விழிப்பர்.

நகர்மன்றத்திற்கு நிற்கும் அபேட்சகர் எத்தகையராதல் வேண்டும்? வாக்காளர்க்கு அவர் கொடுக்க வேண்டிய உறுதிமொழி யாது? ஊரைச் சீர்திருத்துவேன் என்பார் ஒருவர். ஆட்சியைக் கேள்வி கேட்பேன் என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் வெவ்வேறு பணிகள் எனப் பலரும் எண்ணுகின்றனர். இவை ஒன்றையொன்று விட்டு நில்லா என்பதைப் புதுக்கோட்டைச் சீமையின் வரலாற்றைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை வழக்கு

ஊராட்சியிற் கணக்குக் கேட்டல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்ட அவ்வூரிற் குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதினரே தகுதியுடையார்.

இவற்றினும் நாம் ஊன்றி நோக்கத் தக்கது தகுதியின்மையைக் கூறும் பகுதியாம். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்திற் புகுதல் கூடாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் புகுதல் கூடாது. ஏரியைத் தூர்வாரியவனாயினும் ஆகுக, தோட்டத்தை வளர்த்தவனாயினும் ஆகுக. கணக்கை ஒப்புவியாதவனுக்கு ஊராளும் உரிமை இல்லை என்பது அவர் கொண்ட துணிபு.

அச்சபையை அளவிறந்து புகழ்தலும் நேர்மையாகாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அஃது உரியதாயிருந்தது. உழுத கைகளுக்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆதலின், கணக்குக் காட்டும் நெறியை அவர்பால் ஏற்று, அக்கணக்கைக் கேட்டற்குரியார் யாவர் என்பதை மட்டும் நாம் விரிவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

புதுக்கோட்டையின் படிப்பினை

புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக விளங்கியது. சேஷையா சாஸ்திரியார் 1878 முதல் 1894 வரை, முதலில் திவானாகவும் பின்னர் மன்னர் இளையராயிருந்தமையால் ஆட்சிப் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். இன்றும் அந்நகருட் புகுவார், தெருக்கள் நேர் நேராக ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுவதைக் கண்டு வியப்பர். அவ்வொழுங்கும் குளங்களின் சீர்திருத்தமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அறிவும் நேர்மையும் வாய்ந்த நிர்வாகி ஒருவர் எத்துணை நன்மை செய்தல் கூடும் என்பதற்கு அவர் சான்றாவார்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. அவர் தம் கணக்கை யாரிடம் ஒப்புவித்தார்? அரசரிடமும், அரசர்க்கு மேலிருந்த ஆங்கில அரசாங்கத்தாரிடமும் அன்றோ? குளத்து நீரைப் பருகிய குடிமகனுக்கு அதனைக் கேட்கும் உரிமை இல்லை. நல்ல திவான் வாய்த்தவிடத்து ஊர் செழித்தது. வாயாதவிடத்து முறையிட இடமில்லை. நன்மை ஒருவருடைய குணத்தைப் பற்றி நிற்குமாயின், அது நிலையான நன்மை ஆதல் இல்லை.

இக்குறை சிறிது சிறிதாகவே நீங்கிற்று. 1902 இல் அச்சமஸ்தானத்திற் பிரதிநிதி சபை ஒன்று தோன்றிற்று. 1912 இல் நகராட்சி அமைந்தது. 1924 இற் சட்டசபை ஏற்பட்டது. 1948 மார்ச்சு 3 ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14 இற் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 2024 இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. கணக்குக் கேட்கும் உரிமை மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல இறங்கி வந்து வாக்காளன் கையை அடைந்த வரலாறே இது.

இன்றைய அமைப்பு

1992 இல் நிறைவேறி 1993 சூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த எழுபத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக் காலத்தை வரையறுத்து, அக்காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் நடத்தப்படல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. பன்னிரண்டாம் அட்டவணையில், குடிநீர், பொதுச் சுகாதாரம், சேரிச் சீர்திருத்தம் முதலாகப் பதினெட்டுப் பணிகள் அவற்றுக்குரியனவாகக் குறிக்கப்பட்டன. பதினெட்டு வயதினர் வாக்களிக்கலாம். இருபத்தொரு வயதினர் தேர்தலுக்கு நிற்கலாம். நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய தொகையை நிலுவை வைத்தாரையும், அதனோடு ஒப்பந்தத் தொழில் உடையாரையும் நகராட்சிச் சட்டம் நெடுங்காலமாக விலக்கி வந்துள்ளது. இவ்விலக்கில் உத்தரமேரூர்க் கல்லின் எதிரொலி நம் செவியிற் படுகின்றது.

சட்டம் இவ்வாறிருப்பினும் நடந்தது யாது? தமிழ்நாட்டு நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 ஆம் நாளில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலரே நகரங்களை ஆண்டனர். அவருட் கடமை தவறாதார் பலர் இருந்திருப்பர்; அதனை யான் மறுக்கவில்லை. ஆயினும் வாய்க்கால் அடைத்தவிடத்து, 'நின்னை நான் தேர்ந்தேன், விடை கூறுக' எனக் கேட்டற்குரிய ஆள் ஒருவரும் அத்தெருவில் இல்லை. திவான் காலத்து நிலைமையே வேறு உருவில் மீண்டது எனலாம்.

வினாவும் வினையும்

சீர்திருத்தமும் கேள்வி கேட்டலும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் கூடுமா எனின், அமைந்த சான்று புதுக்கோட்டை மண்ணிலேயே உண்டு. தீரர் சத்தியமூர்த்தி 1887 இல் திருமயத்திற் பிறந்தார்; புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். நம்மைப் போல மிஷன் கல்லூரி ஒன்றின் மாணவராயிருந்தவர் அவர் என்பது நமக்கு உவகை தருவதாம். 1934 இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், கேள்வி நேரத்தில் ஆங்கில அரசாங்கத்தாரை வினா மேல் வினா எழுப்பி நெருக்குவதிற் புகழ்பெற்றார்.

1939 இற் சென்னை மேயர் பதவி அவரை அடைந்தது. கேட்டுப் பழகிய நாவினர் செய்து காட்ட வேண்டிய காலமாயிற்று அது. நகரமோ பெருகி வந்தது. செங்குன்றம் ஏரியின் நீரோ போதாதாயிற்று. கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்கும் பணியை அவர் முன்னின்று தொடங்குவித்தார். 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944 இல் அது திறக்கப்பட்டபொழுது அவர் உயிரோடு இல்லை. 1943 மார்ச்சு 28 இற் காலமாகிவிட்டார். அந்நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அடுத்த தேர்தலுக்குமுன் முடிந்து திறப்பு விழாக் காணும் வேலையையே நாடுவார், பூண்டியைத் தொடங்கியிரார். பிறரிடம் கடுங்கணக்குக் கேட்டவர், தம்மிடமும் அதனையே கேட்டுக்கொண்டார் எனக் கொள்ளலாம்.

அந்நகரிற் பிறந்த மற்றொருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் (1886–1968). ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியில் முதற் பெண் மாணவியாய்ப் புகுந்து, மருத்துவராகி, சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராய் அதன் துணைத் தலைமையையும் ஏற்று, 1937 இற் சென்னை மாநகராட்சியின் முதற் பெண் ஆல்டர்மேனாகவும் விளங்கினார். உத்தரமேரூர்க் குடத்தில் இடம்பெறாத ஓலை இது. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளிற் பாதி இடம் மகளிர்க்கு ஒதுக்கப்படுகின்றது. ஆயினும் மனைவி பெயரில் வென்று கணவர் நாற்காலியில் அமரும் வழக்கம் ஒழிந்தாலன்றி அவ்வொதுக்கீடு முழுப்பயன் தாராது. வாக்குப் பெற்றவர் ஒருவர், கணக்கு வைப்பவர் வேறொருவர் எனின், யாரை நாம் வினவுவது?

நீர்த்தொட்டி ஒன்று

2022 டிசம்பரில் அம்மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. நாடெங்கும் நெஞ்சு பதைத்தது. அவ்வழக்கின் போக்கு இங்கு நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஆயினும் அத்தொட்டி கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. தொட்டி கட்டப்பட்டது, குழாய் இடப்பட்டது, சீர்திருத்தப் பட்டியலில் அஃது ஒரு வேலையாக ஏறியும் இருக்கும். அதனைக் காப்பவர் யார், நாள்தோறும் சோதிப்பவர் யார், அந்நீரைப் பருகுவாரின் முறையீட்டுக்குச் செவிகொடுப்பவர் யார் என்பன அப்பட்டியலில் ஏறுவதில்லை. விடை கூறும் பொறுப்பில்லாத சீர்திருத்தம் காவலில்லாத தொட்டியே யாம். ஊரின் கடைக்கோடியில் வாழ்வான் ஒருவன் அஞ்சாது வினவுமிடத்தில்தான் ஊராட்சி என்னும் பெயர் பொருளுடையதாகும்.

அபேட்சகர் உறுதிமொழி

இவற்றால், நகர்மன்றத்திற்கு நிற்பார் கொடுத்தற்குரிய உறுதிமொழி யாதென்பது விளங்கும். பாலம் கட்டுவேன், பூங்கா அமைப்பேன் என்பவற்றைத் தனியோர் உறுப்பினர் தாமே நிறைவேற்றுதல் அரிது. மன்றத்தின் தீர்மானமும் அரசின் நிதியும் வேண்டும். அவர் தாமே நிறைவேற்றத் தக்கவை வேறு உள. மன்றக் கூட்டந்தோறும் தவறாது சென்று, எத்தீர்மானத்தை ஆதரித்தார், எதனை எதிர்த்தார் என்பதைத் தம் வட்டத்தார்க்கு அறிவித்தல். வட்டத்தில் நடைபெறும் வேலையின் பெயர், தொகை, ஒப்பந்தக்காரர், முடியும் நாள் ஆகியவற்றை எளிய தமிழில் எழுதித் தெருமுனையில் வைப்பித்தல். 2022 இன் விதிகள் வகுத்த வட்டக் குழுவையும் பகுதி சபையையும் காலந்தவறாது கூட்டுவித்தல். ஆண்டு முடிவில் மக்கள் முன் நின்று, செய்தது இது, செய்யாதது இது, காரணம் இது எனக் கூறுதல். இந்நான்கிற்கும் பெருஞ்செல்வம் வேண்டா, மனத்திண்மையே வேண்டும்.

வாக்காளர்க்கும் கடன் உண்டு. வாக்கைக் காசுக்குக் கொடுத்தவன் தன் உரிமையை அன்றே விற்றுவிட்டான். விலை பெற்றுக்கொண்டபின் பொருளைப் பற்றி வழக்காடுதல் எங்ஙனம் கூடும்? 'கொடுத்ததை வாங்கினாயே' என்னும் ஒரு சொல் அவன் வாயை ஐந்தாண்டுகட்கு அடைத்துவிடும்.

நாம் செய்யத் தக்கது

மாணவ நண்பர்களே! நம்முட் பெரும்பாலார் வாக்களிக்கும் வயதை அடைந்துவிட்டோம்; தேர்தலுக்கு நிற்கும் வயதும் அண்மையிலேயே உளது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பம் எழுதுவார் முப்பது நாட்களுக்குள் விடை பெறும் உரிமையுடையர். நம் தெருவின் வேலைக்குச் செலவான தொகை யாது என ஒரு தாளில் எழுதிக் கேட்டல் அரசியற் கல்வியின் முதற் பாடமாகும். எழுத்தறியாத அண்டை வீட்டார்க்கு அத்தகைய விண்ணப்பம் ஒன்றை எழுதித் தருதல், தமிழ் கற்ற நமக்குத் தகுந்த தொண்டாகும்.

தாலந்துகளைப் பற்றிய உவமையை நாம் இளமை தொட்டே கேட்டிருக்கின்றோம். தலைவன் திரும்பி வந்தபொழுது ஊழியர் ஒவ்வொருவரும் கணக்கு ஒப்புவித்தனர். பொருளைப் புதைத்து வைத்தவனும் அதற்குத் தப்பவில்லை. குடியாட்சியில் அத்தலைவன் இடத்தில் மக்கள் நிற்கின்றனர். ஆயின் தலைவன் தான் கொடுத்ததை மறந்து, திரும்பி வந்து கேளாதிருப்பின், நல்ல ஊழியனுக்கும் தீய ஊழியனுக்கும் வேற்றுமை தோன்றாது போய்விடும். அவ்வேற்றுமையைத் தோன்றச் செய்தலே வாக்காளர் கடன். வாக்குக் கேட்டு வருவாரிடம், 'கணக்கை எந்நாளில், எவ்விடத்தில் ஒப்புவிப்பீர்?' என நாம் முதற்கண் வினவுவோமாக.