பாவாடை நாடா எட்டாதபோது

புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். சினைப்பைப் புற்றுநோயோடு வரும் அம்மாக்களிடம் முதலில் என்ன செய்தது என்று கேட்டால், பலரும் வயிற்றைத்தான் காட்டுவார்கள். "பாவாடை நாடா எட்டலை சிஸ்டர், ரெண்டு இட்லிக்கே வயிறு நெறைஞ்சிடுது." வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தே மாதங்களைக் கடத்தியிருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த நோய் வரும் விதமே அப்படி.

சினைப்பை அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. மார்பகக் கட்டிபோலக் கைக்குத் தட்டுப்படாது. அதிகம் காணப்படும் வகை, பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று மருத்துவர்கள் இப்போது கருதுகிறார்கள். அங்கிருந்து உதிரும் செல்கள் வயிற்றுக்குள் இருக்கும் நீரில் மிதந்து போய், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலும் வயிற்றின் உள்சவ்விலும் ஒட்டி வளர்கின்றன. நீர் கோக்கிறது, வயிறு உப்புகிறது. சினைப்பை, கருக்குழாயோடு நின்றால் முதல் நிலை. இடுப்புக்குழிக்குள் பரவினால் இரண்டு. அதைத் தாண்டி வயிற்றுச் சவ்வுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ போனால் மூன்று. நுரையீரல், கல்லீரலின் உட்பகுதி என்றால் நான்கு. நிறையப் பேர் மூன்றில்தான் வருகிறார்கள். அப்போதும் அறுவை சிகிச்சையும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் மருந்துகளும் பலருக்கு ஆண்டுகளைத் தருகின்றன.

பாப் ஸ்மியர் இதைக் காட்டாது. அது கருப்பை வாய்க்கான சோதனை. உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று எதுவும் புதிதாக வந்து இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், மருத்துவரிடம் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ சினைப்பையிலோ மார்பகத்திலோ புற்று வந்திருந்தால், பிஆர்சிஏ மரபணுச் சோதனையைப் பற்றியும் கேளுங்கள்.