ஜகார்த்தா தங்கமும் தாம்பரத்து டர்ஃபும்

1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவின் செனயான் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு இந்தியா மண்ணைக் கவ்வ வேண்டும் என்பதே ஆசை. இஸ்ரேலையும் தைவானையும் ஒதுக்கிவிட்டு ஆசிய விளையாட்டு நடத்துவதை இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி எதிர்த்திருந்தார், அந்த ஆத்திரம் கால்பந்து வீரர்கள் மேல் பாய்ந்தது. எதிரே நின்ற தென்கொரியாவோ 1956, 1960 ஆசியக் கோப்பைகளை வென்ற அணி. இதே தொடரின் முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று வீழ்த்தியதும் அதுதான். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல், 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இன்னொன்று. கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியும் 2-1 என்று தங்கம் இந்தியாவுக்கு வந்தது. ஜர்னைல் தற்காப்பு ஆட்டக்காரர். தலையில் காயம்பட்டுத் தையலோடு இருந்தவரை முன்வரிசைக்கு அனுப்பிய துணிச்சல் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமுடையது. புற்றுநோயோடு போராடிய அவர் அடுத்த ஆண்டே மறைந்தார். 2024இல் வந்த ‘மைதான்’ இந்திப் படம் அவர் கதைதான்.

படம் பார்த்தவர்களுக்கு இது ஒரு தனிமனிதர் நிகழ்த்திய அதிசயமாகத் தோன்றும். எனக்கு அதில் பாதிக்குத்தான் சம்மதம். அணியில் இருந்தவர்களின் பின்புலத்தைப் பாருங்கள். பானர்ஜி கிழக்கு ரயில்வே ஆட்டக்காரர். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடி வளர்ந்தவர். அந்தப் படைப்பிரிவு 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பையை வென்றது. தமிழ்ப் பெற்றோருக்கு செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் பிறந்த துளசிதாஸ் பலராம், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலில் கொடிகட்டிப் பறந்தவர். ரஹீமே ஐதராபாத் போலீஸ் அணியை வைத்து 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியவர். மாதச் சம்பளம், ஆட ஒரு மைதானம், வருடம் முழுக்கப் போட்டி ஆகிய மூன்றையும் இவர்களுக்குக் கொடுத்தவை ராணுவமும் ரயில்வேயும் போலீசும் கல்கத்தா கிளப்புகளும்தான். ரஹீம் அந்த விளைச்சலில் பொறுக்கியெடுத்தார்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஆடியவை எட்டே அணிகள்; 1954, 1958 இரண்டிலும் தங்கம் வென்ற தைவான் வரவே இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொடரில் ஜப்பானை 2-0, தாய்லாந்தை 4-1, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றுதான் இந்தியா இறுதிக்கு வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலேயே ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து நான்காம் இடம் பிடித்த நாடு இது. எதிர்பாராத வெற்றி என்பது அன்றைய அரங்கத்துக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய பத்தாண்டுகளுக்குப் பொருந்தாது.

அமைப்பு அவ்வளவு பலமாக இருந்தால் பிறகு ஏன் சரிந்தது? 1970 பாங்காக் வெண்கலத்துக்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை. விடை, அன்று நம்மிடம் தோற்ற ஜப்பானிடம் இருக்கிறது. அவர்களும் கம்பெனி அணிகளை நம்பியே தொடங்கினார்கள். 1965இல் அவற்றைக் கோத்து ஒரு தேசிய லீக் அமைத்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்தது. 1993இல் அதை ஜே லீக் ஆக்கியபோது கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது, ஹிட்டாச்சி அணி கஷிவா ரெய்சோல் ஆனது. உராவாவும் கஷிவாவும் டோக்கியோவுக்கு மின்சார ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் வாழும் புறநகர்கள். நம் தாம்பரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாமோ வேலை கொடுக்கும் அணிகளிலேயே நின்றுவிட்டோம். ஊருக்கென்று அணி பிறக்கவில்லை.

குரோம்பேட்டை, மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் இன்று இரவு பத்து மணிக்கும் விளக்கு எரியும் டர்ஃப்களை, அதாவது செயற்கைப்புல் மைதானங்களைப் பார்க்கலாம். மணிக்கணக்கில் வாடகை, ஆளுக்கு இவ்வளவு என்று ஜிபேயில் பங்கு போட்டுக் கட்டிவிட்டு ஆடுகிறார்கள் பையன்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. பனியனில் மட்டும் மான்செஸ்டரும் மாட்ரிட்டும். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வந்துவிட்டதே, அதில் சென்னையின் எஃப்சி இருக்கிறதே என்பார்கள். இரண்டு முறை கோப்பை வென்ற நல்ல அணிதான். ஆனால் நேரு ஸ்டேடியத்தில் ஆடும் ஓர் உச்சி அணியால் பல்லாவரத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாராவாரம் ஆட்டம் கிடைத்துவிடாது. அதற்கு அடியில் லீக் வேண்டும், அந்த லீக் நடக்கக் காசு கேட்காத மைதானம் வேண்டும்.

2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றுவட்டப் பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் வார்டுகள் 70. வார்டுக்கு ஓர் அணி, வருடத்துக்கு ஒரு லீக் என்று மாநகராட்சி தொடங்கலாம்; பள்ளி மைதானங்களை சனி, ஞாயிறுகளில் அதற்குத் திறந்துவிடலாம். உங்கள் வார்டு கவுன்சிலர் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது, சாலையோடும் குடிநீரோடும் சேர்த்து இதையும் கேளுங்கள்.