தோள்பட்டை வலியைத் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள்

சாத்தூர், அருப்புக்கோட்டை கரிசலில் பருத்திக்கு மருந்தடிக்கும் பருவம் வந்தால், தோள்பட்டை வலியும் கூடவே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 லிட்டர் டேங்கில் தண்ணீரே 16 கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 12, 13 டேங்க். அத்தனைக்கும் கைப்பிடியை அடிப்பது ஒரே கை. பட்டாசு ஆலையில் நாள் முழுக்க ஒரே மாதிரி கைவேலை பார்ப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் நைந்துபோவதே பெரும்பாலும் காரணம். வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடக்கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் இது அதிகம். இறுகிய தோள் தளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

என்ன செய்யலாம்?

* டேங்கில் 10 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். நடை கூடும், தோள் பிழைக்கும்.
* தரையிலிருந்து தூக்காமல், வரப்பிலோ திண்ணையிலோ வைத்து இரண்டு வாரையும் மாட்டுங்கள்.
* குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். சுவரில் விரல்களால் மேலே ஏறுங்கள். வலி கூடினால் நிறுத்துங்கள்.
* கடையில் வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்காதீர்கள்; வயிறும் சிறுநீரகமும் கெடும்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, சர்க்கரையும் பாருங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் அன்றே போங்கள்.

தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.