செஸ்: நேரம் குறையும்போது ஆட்டமும் மாற வேண்டும்

ஜார்ஜியாவின் பதூமி நகரில் 2025 ஜூலையில் நடைபெற்ற மகளிர் உலகக் கோப்பை செஸ் இறுதிச்சுற்றில் இந்தியாவின் கோனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் மோதினர். கிளாசிக்கல் முறையில் நடைபெற்ற இரு ஆட்டங்களும் டிராவில் முடிந்ததால், ஜூலை 28-இல் ரேபிட் முறையில் டைபிரேக்கர் நடத்தப்பட்டது. அதில் 1.5-0.5 என்ற கணக்கில் திவ்யா வென்று கோப்பையைக் கைப்பற்றினார்.

2024-இல் மகளிர் உலக ரேபிட் பட்டத்தை இரண்டாவது முறையாக வென்றிருந்த ஹம்பியே, நேர நெருக்கடியில் இழைத்த பிழைகளால் தோல்வியைத் தழுவினார். கடிகாரத்தைக் கையாள்வதும் ஆட்டத்திறனின் ஒரு பகுதி என்பதை அந்த ஆட்டம் உணர்த்தியது.

நேரக் கணக்கு

சிங்கப்பூரில் 2024-இல் டிங் லிரெனை வீழ்த்தி குகேஷ் உலக சாம்பியனான போட்டியில், முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிஷங்கள் வழங்கப்பட்டன. அதாவது, ஒரு நகர்த்தலுக்கு சராசரியாக 3 நிமிஷங்கள்.

உலக ரேபிட் போட்டியில் 15 நிமிஷங்களும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 விநாடிகளும் உண்டு. 40 நகர்த்தல்கள் கொண்ட ஆட்டத்தில் இது நகர்த்தலுக்கு சுமார் அரை நிமிஷம். உலக பிளிட்ஸ் போட்டியில் 3 நிமிஷங்களும் கூடுதலாக 2 விநாடிகளும் மட்டுமே என்பதால், சராசரி 6.5 விநாடிகளாகச் சுருங்குகிறது. சர்வதேச செஸ் கூட்டமைப்பு இம்மூன்று முறைகளுக்கும் தனித்தனியே தரப்புள்ளிகள் வழங்குகிறது.

அணுகுமுறை மாற்றம்

கிளாசிக்கல் ஆட்டத்தில், திருப்புமுனையான ஓரிரு நிலைகளில் நீண்ட நேரம் யோசிக்க இடமுண்டு. விரைவு ஆட்டப் பழக்கத்தில், மனதில் முதலில் தோன்றிய நகர்த்தலையே ஆடிவிடுவது இங்கு பெரும் தவறாகிறது. எதிராளியின் பதில் என்னவாக இருக்கும் என்பதை ஆராய்ந்த பிறகே காயைத் தொடுவது நல்லது.

ரேபிட் ஆட்டத்தில் மிகச் சிறந்த நகர்த்தலைத் தேடி நிமிஷங்களைச் செலவிடுவதைவிட, போதுமான அளவு நல்ல நகர்த்தலை உரிய நேரத்தில் ஆடுவதே பலன் தரும். நன்கு பழகிய தொடக்கங்களைத் தேர்ந்தெடுத்தால், அங்கு மிச்சமாகும் நேரம் இறுதிக்கட்டத்தில் உதவும்.

பிளிட்ஸ் ஆட்டத்தில் ராஜாவின் பாதுகாப்பும், எதிராளியை யோசிக்க வைக்கும் தாக்குதலும் கூடுதல் மதிப்பு பெறுகின்றன. ராஜா-சிப்பாய், யானை இறுதிநிலைகளை மனப்பாடமாக அறிந்தவர், கூடுதல் விநாடிகளை மட்டும் கொண்டே வெற்றியை முடித்துவிட இயலும்.

மாஸ்கோவில் 2012-இல் நடைபெற்ற உலக சாம்பியன் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்தும் போரிஸ் கெல்ஃபாண்டும் 6-6 எனச் சமநிலையில் இருந்தபோது, ரேபிட் டைபிரேக்கரில் 2.5-1.5 என வென்றே ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். நிதானமான ஆட்டத்துக்காக மாதக்கணக்கில் தயாராகும் வீரரின் பட்டம்கூட கடைசியில் சில நிமிஷங்களில் முடிவாகலாம் என்பதால், இருவகை ஆட்டத்துக்கும் பயிற்சி இன்றியமையாததாகிறது.